வலது பக்கம் தூபாவுடையது

படார்!

லோடு ஏற்றும் இடத்து எடைமேடைக் காவலாளியின் கையிலிருந்த டீ கிளாஸ் தரையில் விழுந்து சிதறியது. அதற்கு ஒரு கணம் முன்னால் சிதறியது, சஃப்தருடைய லாரியின் வலது பக்கக் கண்ணாடி. இரும்புத் தூணில் மோதி, தாங்குகம்பியோடு பின்னால் மடங்கி, கதவில் அறைந்து, துண்டு துண்டாகக் கொட்டியது.

"நிறுத்துய்யா! நிறுத்து! கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

காவலாளி கத்தினான். தூணுக்கும் அவனுடைய அறைக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம்தான் உண்டு. அந்த இடத்தில்தான் அவன் டீயோடு நின்றிருந்தான்.

சஃப்தர் பிரேக்கை மிதித்தார். இன்ஜினை அணைத்தார். பிறகு, எந்த ஆபத்திலும் முதலில் செய்கிற காரியத்தைச் செய்தார். இடது பக்கம் இருக்கும் டிரைவர் சீட்டிலிருந்து வலது பக்க சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

சீட் காலி. மடித்து வைத்த நீலப் போர்வை ஒன்று இருந்தது. அது பேசாது.

ஒரு காலத்தில் அந்த சீட் பேசும். "போ, போ, போ… இன்னும் போ… கொஞ்சம் இடது ஒடி… நில்லு!" என்று சொல்லும். குறுகலான பாலமோ, சுரங்க வாசலோ, பின்னால் எடுக்கிற வேலையோ, எதுவானாலும் சஃப்தர் இடது பக்கத்தை மட்டும் பார்த்துக்கொள்வார். வலது பக்கம் அவர் மனைவி தூபாவுடையது. கல்யாணமான புதிதில் லாரியில் ஏறியவள், மகனுக்கும் மகளுக்கும் கல்யாணம் செய்து அனுப்பிய பிறகும் இறங்கவில்லை. பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து தப்ரீஸ் வரைக்கும் அவளுக்குத் தெரியாத டீக்கடை கிடையாது.

இந்த வசந்தத்தில், பிஸ்தா பூக்கிற சமயத்தில், இறங்கிவிட்டாள்.

"அண்ணே, உங்களைத்தான்!" காவலாளி ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். "நான் ஒரு சாண் இந்தப் பக்கம் சாஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? எம் பொண்டாட்டிக்கு நீங்களா பதில் சொல்வீங்க?"

"தப்புதான் தம்பி. கவனிக்கல."

"கவனிக்கலையா? அந்தத் தூண் என்ன காக்காவா, திடீர்னு பறந்து வந்து உக்கார? எங்க அப்பா காலத்துல இருந்து அங்கதான் நிக்குது."

காவலாளி தொங்குகிற கம்பியைக் காட்டினான்.

"வலது கண்ணாடி இல்லாம லோடோட உங்களை வெளிய விட முடியாது. செக்போஸ்ட்ல பிடிச்சான்னா, எந்த வாசல்ல இருந்து விட்டாங்கன்னு என்னைத்தான் கேப்பான். வெளிய புர்ஸூ கடை இருக்கு. போய் மாட்டிக்கிட்டு வாங்க."

"வெளிய போனாத்தானே மாட்ட முடியும்?"

காவலாளி ஒரு நிமிடம் யோசித்தான். யோசித்ததில் அவன் கோபமே பாதி குறைந்துவிட்டது. "அதுவும் சரிதான். வாங்க, நானே முன்னாடி நடக்கிறேன்."

அவன் வலது பக்கமாக நடந்தபடி "வாங்க, வாங்க, வாங்க" என்று கத்திக்கொண்டே போனான். சஃப்தர் எறும்பு மாதிரி லாரியை நகர்த்தினார். வலது பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! ஆனால் குரல் வேறு. அவர் ஹார்னை ஒரு தட்டு தட்டி, நன்றி சொல்லி, கடை வாசலில் நிறுத்தினார்.

சிர்ஜான் சாலையில் லாரி ஓட்டுகிற எல்லோருக்கும் கண்ணாடி மாட்டுகிற மெக்கானிக் உஸ்தா புர்ஸூவைத் தெரியும். கை சுத்தம், வாய் அசுத்தம். அவருடைய கடைச் சுவர் முழுக்கக் கண்ணாடிகள். நீளமானது, சதுரமானது, விரிசல் விட்டது, கம்பி மட்டும் மிஞ்சியது. உள்ளே நுழைகிறவன் தன் முகத்தையே திருவிழாக் கூட்டம் போலப் பார்ப்பான். சஃப்தர் நுழைந்தார். எல்லாக் கண்ணாடிகளிலும் சவரம் செய்யாத ஒரே கிழவன் தனியாக நின்றான்.

"வா சஃப்தரு. எதை இடிச்சே?"

"தூணை. காவக்காரன் டீ கிளாஸும் போச்சு."

"தூணு பொழைச்சுதா?"

"உஸ்தா, விளையாடற நேரமில்ல. லோடு நிக்குது."

"லோடு நிக்கும். இரும்புதானே, அழுகியா போகும்?" புர்ஸூ வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்த கம்பியைத் தூக்கிப் பார்த்தார். உச்சுக்கொட்டினார். "இது போச்சு. கம்பியும் வளைஞ்சிருச்சு, முழு செட்டும் மாத்தணும். ஜோடியா வேணுமா, ஒத்தையாவா?"

"என்னது?"

"கண்ணாடியப்பா. இடதும் வலதும் ஜோடியாத் தரட்டுமா, ஒத்தையாத் தரட்டுமா?"

"ஒத்தை," என்றார் சஃப்தர். அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்தில் புர்ஸூ ஒரு கணம் அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

கண்ணாடி தேர்ந்தெடுக்கும் படலம் தொடங்கியது.

முதலில் புர்ஸூ எடுத்து நீட்டியது பளபளவென்று குரோம் பூசிய புதுச் சரக்கு. "இது சீனத்து சாமான். பாக்க மாப்பிள்ளை மாதிரி இருக்கும். மேடு பள்ளத்துல நடுங்கும். பின்னாடி வர்ற ஒரு லாரி மூணா தெரியும்."

"வேணாம்."

"இது துருக்கி. கெட்டி. ஆனா கம்பி குட்டை. உன் டிரெய்லர் அகலத்துக்கு இதை மாட்டினா டிரெய்லரோட விலாவைத்தான் பாத்துக்கிட்டு போகணும். ரோடு தெரியாது. கம்பி நீளமா வேணும், கண்ணாடி வண்டியைத் தாண்டி எட்டிப் பாக்கணும்." அவர் சுவரின் மேல் வரிசையிலிருந்து ஒரு நீளக் கண்ணாடியை இறக்கினார். "பிரிச்ச வண்டியோடது. பழசு. ஆனா கண்ணாடி கண்ணாடியா இருக்கும். மேலே தட்டைக் கண்ணாடி, கீழே இந்தக் குட்டி உருண்டைக் கண்ணாடி. தட்டைக் கண்ணாடி உண்மை பேசும், ஆனா கொஞ்சம்தான் காட்டும். உருண்டை எல்லாத்தையும் காட்டும், ஆனா பொய் சொல்லும். பக்கத்துல இருக்கிறவனை எங்கயோ தூரத்துல இருக்கிற மாதிரிக் காட்டும். ரெண்டும் வேணும் உனக்கு."

சஃப்தர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தைத் தடவினார். துணியால் துடைத்தார். மறுபடியும் பார்த்தார். கீழே வைக்கவும் இல்லை, வேண்டும் என்று சொல்லவும் இல்லை.

"என்னப்பா, கல்யாணக் கண்ணாடியா பொறுக்குறே?" என்றார் புர்ஸூ.

எங்கள் பக்கத்து நிக்காஹ் விரிப்பில் கண்ணாடி இல்லாமல் கல்யாணம் இல்லை. மாப்பிள்ளை பெண்ணின் முகத்தை அதில்தான் முதலில் பார்க்க வேண்டும். சஃப்தர் பார்த்தபோது, முக்காட்டை விலக்கிய தூபா அதற்குள்ளிருந்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தத் தைரியத்துக்காகத்தான் அவளை லாரியில் ஏற்றிக்கொண்டார்.

"இதையே மாட்டு," என்றார்.

புர்ஸூ ஸ்பானரோடு கதவுப் படியில் ஏறினார். பழைய கம்பியின் நட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. டீசல் ஊற்றி ஊறவைத்தார். சுத்தியால் மெல்லத் தட்டினார். மேல் நட்டு முனகிக்கொண்டு வந்தது. கீழ் நட்டு வரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தினார். கண்ணாடியைத் திருப்ப உதவும் குமிழ் மூட்டினை விரலால் தொட்டார். துரு அந்த மூட்டினை ஒரே கோணத்தில் வைத்து இறுக்கியிருந்தது. கம்பி வளைந்திருந்தாலும் கோணம் மாறவில்லை.

அவர் கண்ணாடி இருந்த இடத்தில் தன் உள்ளங்கையை அதே சாய்வில் வைத்து, ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். கை காட்டியது டிரைவர் சீட்டை அல்ல. வலது பக்க சீட்டை.

"சஃப்தரு."

"ம்."

"இந்தக் கண்ணாடியை யாருக்குத் திருப்பி வச்சிருந்தே?"

சஃப்தர் தரையைப் பார்த்தார்.

"உன் சீட்டுல இருந்து பாத்தா இதுல என்ன தெரியும்?"

"பாலைவனம் தெரியும்."

"வேற?"

"கொஞ்சம் மலை."

"பின்னாடி வர்ற வண்டி?"

"அது தெரியாது. அவதான் பாத்துச் சொல்லுவா."

"அவ இறங்கி எவ்வளவு நாளாச்சு! இன்னமும் இதை இப்படியே வச்சா ஓட்டினே?" புர்ஸூ படியிலிருந்து குதித்தார். டிரெய்லரின் வலது விலாவை ஒட்டி நடந்தார். கீறல், நசுங்கல், பெயின்ட் உரசல். மண்காப்புத் தகடு கிழிந்திருந்தது. பின் சக்கரத்தின் ஓரம் நடைபாதைக் கல்லில் தேய்ந்து தேய்ந்து மொட்டையாகியிருந்தது. இடது விலா புதுமணப்பெண் மாதிரி சுத்தமாக இருந்தது. "அடப்பாவி! பாதிக் குருடனா வண்டி ஓட்டியிருக்கியே!"

"திருப்பணும்னுதான் நெனச்சேன். அதுக்கு ரெண்டு பேர் வேணுமே உஸ்தா. ஒருத்தன் வெளிய நின்னு திருப்பணும், ஒருத்தன் உள்ள உக்காந்து பாக்கணும்."

"ரோட்டுல ஒரு ஆளைக் கூப்பிட முடியாதா?"

சஃப்தர் வளைந்த கம்பியைத் தொட்டார். "அது அவ கண்ணாடி," என்றார்.

தூபா இறங்கிய கதை சிர்ஜான் சாலைக்கே தெரியும். இதே கடைக்கு எதிரே உள்ள டீக்கடையில்தான் நடந்தது.

லோடு ஏற்ற வரிசையில் காத்திருந்த டிரைவர்கள் பகல் முழுக்க டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஐவஸ் என்ற டிரைவருக்கு எப்போதும் நாக்கு அரிக்கும். "சஃப்தர் லாரிக்கு நிஜ டிரைவர் தூபா அம்மாதான்பா. இவரு சும்மா ஸ்டீயரிங் பிடிக்க வந்த ஆளு!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தூபாவும் சிரித்தாள். சஃப்தரும் சிரித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

சஃப்தருக்கு ரோஷம் வந்தது. "அவ என் லாரியோட பக்கக் கண்ணாடி. அவ்வளவுதான். உடைஞ்சா வேற ஒண்ணு மாட்டிக்குவேன்!" என்றார்.

எங்கள் மொழியில் பக்கத்துக்கும் அணைப்புக்கும் ஒரே சொல்தான். பக்கக் கண்ணாடி என்றால் அணைப்புக் கண்ணாடி என்றும் காதில் விழும். அதனால் பேச்சின் முதல் பாதியைக் கேட்டபோது தூபாவின் முகம் வெட்கத்தில் சிவந்தது. மறு பாதியைக் கேட்டபோது வெளுத்தது.

லாரியில் ஏறியவள் வாயைத் திறக்கவில்லை. அனார் ஊரின் ஓரத்தில், தன் தங்கை வீட்டுப் பிஸ்தாத் தோட்டம் வந்ததும், "நில்லு!" என்றாள். வலது பக்கம் ஏதோ ஆபத்து என்று நினைத்து சஃப்தர் பிரேக்கை மிதித்தார். அவள் துணி மூட்டையோடு கதவைத் திறந்து இறங்கினாள்.

"வேற ஒண்ணு மாட்டிக்க," என்றாள். கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அதன்பிறகு சஃப்தர் லோடு எடுத்து வடக்கே போகிற ஒவ்வொரு முறையும் அந்தத் தோட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். போன் செய்தால் தங்கைக்காரி எடுப்பாள். "அக்கா தோட்டத்துல இருக்கா" என்பாள், வைத்துவிடுவாள். அதனால் அவர் தனக்குத் தானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். தோட்டத்து கேட்டுக்கு வரும்போது வேகத்தைக் குறைப்பார். ஹார்னை இரண்டு தடவை நீளமாகவும் ஒரு தடவை குட்டையாகவும் அடிப்பார். தூபாவுக்கு அந்த ஹார்ன் தெரியும். அவள் வெளியே வந்தால் நிறுத்துவது. வரவில்லை என்றால் கோபம் தீரவில்லை என்று அர்த்தம், போய்விடுவது.

ஒரு தடவைகூட அந்த நீல கேட் திறந்து அவர் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் சஃப்தர் பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

புர்ஸூ கீழ் நட்டையும் கழற்றினார். புதுக் கண்ணாடியின் கம்பியைக் கதவில் பொருத்தி, ரப்பர் வளையம் வைத்து, நட்டுகளைக் கையால் முடுக்கினார். அதிர்வில் கழன்றுவிடாமல் இருக்க உள் பக்கம் ஒரு தகடும் கொடுத்தார். கண்ணாடி திரும்புகிற மூட்டினை மட்டும் இறுக்கவில்லை.

"ஏறி உன் சீட்டுல உக்காரு. கோணம் வைக்கணும்."

சஃப்தர் அசையவில்லை. "பழையது எப்படி இருந்ததோ அப்படியே வை, உஸ்தா."

"எப்படி?"

"அந்த சீட்டுக்கு."

"காலி சீட்டுக்கா?"

"அவ வந்தா மறுபடியும் திருப்பணுமே."

புர்ஸூவின் வாயில் எப்போதும் தயாராக இருக்கிற கேலி இந்த முறை வரவில்லை. ஸ்பானரைத் துணியில் துடைத்தார். மெல்லச் சொன்னார்.

"இங்க பாரு. இன்னிக்கு ஒரு டீ கிளாஸ் போச்சு. நாளைக்கு அந்தக் காவக்காரன் மண்டை போகும். அப்புறம் நீ ஜெயில்ல உக்காந்துக்கிட்டு யாருக்கு ஹார்ன் அடிப்பே? நான் மாட்டின கண்ணாடி யாரையும் கொல்லக் கூடாது. காலி சீட்டுக்கு நான் கோணம் வைக்க மாட்டேன். பிடிக்கலேன்னா கழட்டிடுறேன், வேற கடைக்குப் போ."

"உஸ்தா, அதைத் திருப்பிட்டா…" சஃப்தர் நிறுத்தினார். பிறகு ஒரே மூச்சில் சொன்னார். "அவ இனிமே வர மாட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்."

"வந்தா அவளே திருப்பிக்கட்டும்! தூபாவுக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாதா? உன்னைவிட நல்லாவே பிடிப்பா. ஏறு!"

சஃப்தர் ஏறினார். புர்ஸூ வலது ஜன்னலைப் பார்த்து முகம் சுளித்தார். திறக்காமலே கிடந்த கண்ணாடியில் புழுதி அப்பியிருந்தது. ஈரத் துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்தார். கதவைத் திறந்து உள்பக்கத்தையும் துடைக்கத் தொடங்கினார். பின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எண்ணெய்க் கறை இருந்தது. தலை சாய்த்துத் தூங்கினால் விழுகிற கறை. துணி அதை நோக்கிப் போனது.

"அதை விடு!" சஃப்தர் கத்திய கத்தலில் புர்ஸூவின் கை அந்தரத்தில் நின்றது.

"சரிப்பா, சரி. விட்டுட்டேன். முன்பக்கம் தெரிஞ்சா போதும்."

அவர் கதவைச் சாத்தி, வெளியே நின்று, கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்தார்.

"சொல்லு. என்ன தெரியுது?"

"பாலைவனம்."

"இப்போ?"

"மலை."

"இப்போ?"

"உன் மொட்டைத் தலை."

"அது அழகுதான், ஆனா அதைப் பாத்துக்கிட்டு யஸ்த் வரைக்கும் போக முடியாது. இப்போ?"

"டிரெய்லரோட விலா. பின் சக்கரம்."

"அதுக்குப் பின்னாடி?"

சஃப்தர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, தூங்கிட்டியா? அதுக்குப் பின்னாடி என்ன தெரியுது?"

"ரோடு," என்றார் சஃப்தர். "முழு ரோடும் தெரியுது."

தன் லாரியின் வலது பக்கம் பின்னால் ஓடுகிற சாலையை அவர் தன் கண்ணால் பார்த்ததே இல்லை. இத்தனை காலமும் அது ஒரு குரலாக மட்டுமே இருந்தது.

புர்ஸூ மூட்டினை இறுக்கினார். ஸ்பானர் ஒவ்வொரு சுற்றாகக் கிறீச்சிட்டது. கடைசிச் சுற்றில் சஃப்தர் கண்ணை மூடிக்கொண்டார்.

சாலை நீண்டது. ஷஹ்ரே பாபக் ஊரைத் தாண்டினார். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் உப்புத் தரை, நடுவில் இரும்பு ஏற்றிய ஒரு லாரி. சாப்பிட நிறுத்தவில்லை. ரொட்டியில் வெண்ணெய்க்கட்டியைச் சுருட்டி ஒரு கையால் தின்றார். பாதியை வலது பக்கம் நீட்டவில்லை. அந்தப் பழக்கம் கோடையிலேயே போய்விட்டது. மிச்சமிருந்த பழக்கம் அந்தக் கண்ணாடி ஒன்றுதான். அதையும் இன்று ஒருவன் ஸ்பானரால் முடித்துவிட்டான்.

புதுக் கண்ணாடி சும்மா இருக்க விடவில்லை. கண் தன்னாலே அங்கே போனது. பின்னால் ஒரு டேங்கர் வந்தது. கார் ஒன்று வலது பக்கமாக முந்தப் பார்த்துப் பின்வாங்கியது. ஆட்டு மந்தை ஒன்று சாலையோரம் புழுதி கிளப்பியது. எல்லாம் வந்து, சின்னதாகி, மறைந்தது.

"டேங்கர் வருது," என்றார் வாய்விட்டு. பிறகு, யாருக்குச் சொன்னோம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டார்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது அனார் தோட்டங்கள் தொடங்கின. பிஸ்தா உதிர்க்கிற காலம். மரத்தடியில் விரித்த படுதாக்கள், அடுக்கிய பெட்டிகள், காற்றில் பச்சைத் தோலின் வாசம். தூரத்தில் நீல கேட் தெரிந்தது.

இன்று ஹார்ன் அடிக்க வேண்டாம் என்று ஒரு மனம் சொன்னது. கண்ணாடியைத்தான் மாட்டியாயிற்றே. அவள் சொன்னது போலவே வேறு ஒன்று மாட்டியாயிற்று. எந்த முகத்தோடு அடிப்பது?

கை கேட்கவில்லை. இரண்டு நீளம், ஒரு குட்டை.

வேகம் குறைந்தது. நீல கேட் பக்கத்தில் வந்தது, ஜன்னலில் நகர்ந்தது, மூடியபடியே பின்னால் போனது. எப்போதும் போலவே யாரும் இல்லை. சஃப்தர் பல்லைக் கடித்தார். கியரை மாற்றினார். ஆக்ஸிலேட்டரில் கால் அழுந்தியது.

காலையிலிருந்து பழகிய கண் வலது பக்கம் போனது.

கண்ணாடிக்குள் கேட் திறந்தது.

ஒரு பெண் ஓடி வந்தாள். முக்காடு தோளில் விழுந்திருந்தது. சாலையோரம் வரைக்கும் வந்து நின்றாள். கை அசைக்கவில்லை. கூப்பிடவில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்து, போகிற லாரியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தட்டைக் கண்ணாடியின் ஓரத்திலிருந்து நழுவிக் கீழே உருண்டைக் கண்ணாடிக்குள் விழுந்தாள். அதில் விரல் நகம் அளவுக்குச் சின்னதாக, எங்கோ உலகத்தின் அந்தக் கோடியில் இருப்பவள் போலத் தெரிந்தாள்.

பொய் சொல்லும், என்று புர்ஸூ சொன்னது ஞாபகம் வந்தது.

"நில்லு!" என்றார் சஃப்தர். இந்த முறை சொல்ல வேறு ஆள் இல்லை.

லோடு லாரி உடனே நிற்காது. உறுமி, பெருமூச்சு விட்டு, சாலையை விட்டு மண் ஓரத்தில் இறங்கி, கொஞ்ச தூரம் போய் நின்றது. இறங்கி நடந்தே போயிருக்கலாம். அவருக்கு அது தோன்றவில்லை. லாரிக்காரனுக்குத் திரும்பிப் போவது என்றால் லாரியோடு போவதுதான். எச்சரிக்கை விளக்கைப் போட்டு ரிவர்ஸ் கியரைத் தள்ளினார்.

அத்தனை நீள டிரெய்லரை வலது பக்கம் பார்த்து அவர் பின்னால் எடுத்ததே கிடையாது. ஒரு பக்கம் கால்வாய், இன்னொரு பக்கம் தார் ரோடு. கண்ணாடியில் அவள் நகத்தளவு இருந்தாள். பிறகு விரலளவு. டிரெய்லர் கால்வாய்ப் பக்கம் இழுத்தது. ஸ்டீயரிங்கை ஒடித்தார். தட்டைக் கண்ணாடிக்குள் அவள் மறுபடியும் ஏறினாள். முகம் தெரிந்தது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. இன்ஜின் இரைச்சலுக்கு மேலே, ஜன்னலையும் துளைத்துக்கொண்டு.

"வா, வா, வா… இன்னும் வா… இடது ஒடி… ஒடி மனுஷா, கால்வாய்!… வா… நில்லு!"

நின்றது.

இன்ஜின் அணைந்ததும் தோட்டத்துச் சத்தமெல்லாம் ஒன்றாகக் கேட்டது. சஃப்தர் காலி சீட்டின் மேல் குப்புற விழுந்து, கையை எட்டி, வலது கதவைத் திறந்தார்.

கீழே தூபா நின்றாள். இளைத்திருந்தாள். பிஸ்தாத் தோல் உரித்து உரித்துக் கை இரண்டும் மை பூசினாற்போலக் கறுத்திருந்தன. அவள் அவரைப் பார்க்கவில்லை. புதுக் கண்ணாடியைத்தான் பார்த்தாள். அதில் தன் முகம் தெரியவில்லை என்பதையும், டிரைவர் சீட்டுதான் தெரிகிறது என்பதையும் பார்த்தாள். ஒரு கறுத்த விரலால் கம்பியை ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

"நல்லாத்தான் மாட்டியிருக்கான்," என்றாள்.

"பழசு இன்னிக்குக் காலையிலதான் உடைஞ்சுது," என்றார் சஃப்தர். "தூபா, நான் ஒவ்வொரு தடவையும் ஹார்ன் அடிச்சேன். கேக்கலையா? நீ வெளிய வந்தா நிறுத்தணும்னுதான் அடிச்சேன். இன்னிக்கு வந்தியே, இது மாதிரி ஒரே ஒரு தடவை வந்திருக்கக் கூடாதா?"

தூபா நிமிர்ந்தாள். முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஒவ்வொரு தடவையும் ஓடி வந்து இங்கதான் நின்னேன் மனுஷா. என்னைக் கண்ணாடியில பாத்துட்டுத்தான் நீ நிக்காமப் போறேன்னுல்ல நெனச்சேன்!"